சுவர் இளைத்த கதை

சைக்கிள் பந்தயச் சங்கத்தில் அதிகமான பந்தயங்களில் முதலாவதாகக் கோட்டைத் தாண்டியவர் யார் என்று செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சாம்பியனைக் கைகாட்டுவார். சுத்தப் பொய். சாம்பியன் ஒருமுறைகூட முதலாவதாகத் தாண்டியதில்லை. அவனுக்கு முன்னால் எப்போதும் இன்னொருவர் தாண்டிக்கொண்டிருந்தார். அந்த இன்னொருவருக்குக் கோப்பை கிடையாது, பதக்கம் கிடையாது, கைதட்டலும் கிடையாது. பெட்ரோல் புகை உண்டு. அதிலும் பாதி பின்னால் வருகிறவனுக்குப் போய்விடும்.

அந்த இன்னொருவரைத் தடத்தில் எல்லாரும் சுவர் என்று கூப்பிட்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள் ‘சுவரண்ணே’ என்றார்கள்.

விஷயம் இதுதான். இந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் முன்னால் ஒரு சின்ன மோட்டார் வண்டி ஓடும். முன்வண்டி என்று அதற்குப் பெயர். அதை ஓட்டுகிறவருடைய வேலை, எதிரே வருகிற காற்றையெல்லாம் தன் உடம்பில் வாங்கிக்கொள்வது. அவருடைய முதுகின் மறைவில் சைக்கிள்காரன் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு, காற்று என்ற ஒன்று படைக்கப்படவே இல்லை என்பதுபோல் மிதித்துக்கொண்டு வருவான். முன்னால் இருப்பவர் எவ்வளவு அகலமோ, பின்னால் இருப்பவன் அவ்வளவு வேகம். கோட்டை முதலில் தாண்டுவது முன்வண்டிதான். ஆனால் நடுவர்களின் கண்ணுக்குச் சைக்கிளின் முன்சக்கரம் மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் போன அத்தனை பெரிய மனிதர் எப்படித் தெரியாமல் போகிறார் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

சுவருக்குச் சொந்தத் தொழில் சீட் தைப்பது. இருசக்கர வண்டி சீட், கார் சீட், சோபா, எது கிழிந்து வந்தாலும் தைத்துக் கொடுப்பார். ஒருநாள் முன்வண்டிகளின் சீட்டெல்லாம் கிழிந்துவிட்டது என்று சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். போய்க் குனிந்து சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

“அண்ணே, அப்படியே இருங்க. திரும்பாதீங்க.”

பாம்புதான் வந்துவிட்டது என்று நினைத்து அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இப்ப மெதுவா நிமிருங்க. ரெண்டு கையையும் அகட்டி வைங்க.” பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. “இத்தனை வருஷமா எங்கண்ணே இருந்தீங்க?”

பேசியவர் செயலாளர். உலகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், படிப்பைப் பார்ப்பார்கள். முதுகை மட்டும் பார்த்து எடுத்த ஒரே உத்தியோகம் சுவருடையதுதான். முகத்தைச் செயலாளர் பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொண்டார்.

நகரத்தின் ஓரத்தில் பெரிய மோட்டார் பந்தயத் தடம் ஒன்று இருந்தது. கார்களும் பைக்குகளும் காது கிழிய ஓடும். அதன் வளைவுக்குள்ளே, சிமெண்ட்டில் செய்த பெரிய கிண்ணம் மாதிரி, சைக்கிள் தடம். மோட்டார் தடத்துக்காரர்கள் சைக்கிள்காரர்களை ஏளனமாகப் பார்ப்பார்கள். சைக்கிள்காரர்கள் முன்வண்டிக்காரர்களை ஏளனமாகப் பார்ப்பார்கள். முன்வண்டிக்காரர்களுக்கு ஏளனமாகப் பார்க்க யாரும் மிச்சமில்லை என்பதால் கேண்டீன்காரரைப் பார்த்தார்கள். அவர் யாருக்கும் மசிகிறவர் இல்லை.

சுவர் முன்வண்டியில் ஏறிக் கொஞ்ச நாளிலேயே அவருடைய மனைவியின் தம்பி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். தண்ணீர் மீட்டர் பார்த்துக் கணக்கெடுக்கிற வேலை அவனுக்கு. வீடு வீடாக மிதித்து மிதித்துத் தொடை இரும்பாகியிருந்தது.

“மாமா, இனிமே நீங்க எனக்குத்தான் முன்னால ஓட்டணும்.”

“ஏற்கெனவே ஒருத்தருக்கு ஒத்துக்கிட்டேனே மாப்ளே.”

“அப்படியா? அக்காகிட்ட சொல்லிடறேன்.”

அத்துடன் பேச்சுவார்த்தை முடிந்தது. அடுத்த பந்தயத்தில் மச்சான் ஜெயித்தான். அதற்கடுத்ததிலும் ஜெயித்தான். சாம்பியன் ஆனான். ஆன கையோடு தலைக்கனமும் வந்தது. ஒவ்வொரு முறையும் மேடையேறி மைக்கைப் பிடித்து நன்றி சொல்வான். அம்மாவுக்கு நன்றி, அக்காவுக்கு நன்றி, மெக்கானிக்குக்கு நன்றி, தன் சைக்கிளுக்கு நன்றி. ஒரு வருஷம் மழை பெய்யாமல் இருந்ததற்காக வானத்துக்கே நன்றி சொன்னான். மாமாவுக்கு மட்டும் சொன்னதில்லை. வீடு நிற்கிறதே என்று யாராவது சுவருக்கு நன்றி சொல்வார்களா?

அவன் முதல் கோப்பை வாங்கியபோது பத்திரிகையில் படம் வந்தது. கோட்டைத் தாண்டுகிற படம். முன்வண்டியையும் அதன்மேல் இருந்தவரையும் கத்தரித்துவிட்டு, மச்சானை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் கத்தரிக்கு அகப்படாமல் ஒரு முழங்கை தப்பியிருந்தது. மனைவி அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சுவர் போய்ப் பக்கத்தில் நின்று, “இந்த முழங்கை என்னோடது” என்று காட்டுவார். சிலர் நம்பினார்கள்.

பந்தயத்தில் மச்சானுடைய முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் காற்று திரும்பும், காற்று திரும்பினால் பின்னால் இருப்பவன் தடுமாறுவான். முன்வண்டியில் கண்ணாடியும் கிடையாது. பின்னாலிருந்து குரல் வரும், அவ்வளவுதான். ‘ஏ’ என்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும். ‘ஓ’ என்றால் குறைக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. இத்தனை வருஷமும் அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு மாமாவும் மச்சானும் குடும்பம் நடத்திவிட்டார்கள். நிறைய வீடுகளில் இந்த அளவுக்குக்கூடப் பேச்சு கிடையாது என்று சுவர் சொல்வார்.

ஒரு விஷயத்தில் மட்டும் மச்சான் தாராளமாக இருந்தான். வாரம் தவறாமல் அக்கா வீட்டுக்குக் கேக் அனுப்புவான், ஐஸ்கிரீம் அனுப்புவான், பொரித்த கோழியை வாளி வாளியாக அனுப்புவான். “என் தம்பிக்கு உங்க மேல எவ்வளவு பாசம் பாருங்க” என்று மனைவி கண் கலங்குவாள். பந்தய மாதம் நெருங்க நெருங்கப் பாசமும் அதிகமாகும். ஆட்டுக்குத் தழை போடுகிறவனுடைய பாசம் அது என்று சுவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சாப்பிட்டார். ருசிக்கு உள்நோக்கம் தெரியாது பாருங்கள்.

மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. வீட்டிலும் அதே வேலைதான் என்று அவள் காதில் விழாதபோது அவர் சொல்வதுண்டு. ஒருநாள் சும்மா இருக்கட்டுமே என்று அவருடைய ரத்தத்தையும் எடுத்து, ரத்த அழுத்தத்தையும் பார்த்தாள். சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் மூன்றும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடியிருந்தன, முன்வண்டி இல்லாமலேயே. அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஈ.சி.ஜி. படத்தைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றினார்.

“இதயம் ஒரு தடவை எச்சரிக்கை கொடுத்திருக்கு. மறுதடவை எச்சரிக்கை எல்லாம் வராது, நேரா வந்துடும். உடம்பைக் குறைங்க. சுவர் இருந்தாத்தானே சித்திரம் வரைய முடியும்?”

“அந்தச் சுவரே நான்தான் டாக்டர்” என்றார் இவர். டாக்டர் அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அன்று சாயங்காலமே அவள் சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போட்டுப் பாடம் நடத்தினாள். இடது தோள் இறங்கினால், இடது கை மரத்துப்போனால், நெஞ்சைப் பிடித்தால், உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தால், ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது. தம்பிக்கு இரண்டு தடவை சொன்னாள். அவன் “சரிக்கா, சரிக்கா” என்றான். மறுநாள் அவனிடமிருந்து ஒரு சாக்லேட் கேக் வந்தது. அக்கா அதை அப்படியே லேபுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த எல்லாமும் லேபுக்கே போயின. அங்கே வேலை பார்க்கிறவர்கள் ஆளுக்கு ஒரு சுற்று பெருத்தார்கள்.

சுவருக்கு வெள்ளரிக்காய், வேகவைத்த பீன்ஸ், தோலை உரித்து எறிந்த ஒரு துண்டுக் கோழி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. காலையில் நடை வேறு. காலியாகக் கிடக்கிற மோட்டார் தடத்தில் அவர் நடக்க, மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்னாலேயே வருவாள். கேண்டீன் பக்கம் தலை திரும்பினால் “ம்” என்பாள். மச்சானுக்கு ‘ஏ’, ‘ஓ’. அக்காளுக்கு ‘ம்’. குடும்பமே எழுத்தில் சிக்கனம்.

அவர் இளைத்தார். சட்டை தொளதொளத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. ரத்தம் நல்லபடியாக வந்தது என்று மனைவி அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாருக்கும் சந்தோஷம், பயிற்சிக்கு வந்த ஒருவனைத் தவிர.

“மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு மாப்ளே.”

“காத்து வருது.”

சுவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இடது தோள் பக்கமா வருது. ஜன்னலைத் திறந்து வச்ச மாதிரி இருக்கு.”

சீட் தைக்கிறவரிடம் சீட் குத்துகிறது என்று சொல்லலாம். சுவரிடம் காற்று வருகிறது என்று சொல்லலாமா? அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு சோபாவுக்குத் தலைகீழாக உறை தைத்துவிட்டார்.

அடுத்த வாரம் செயலாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர். பட்டப்பெயர் டிரம். நின்றாலும் படுத்தாலும் ஒரே உயரம் என்பது செயலாளர் பெருமையோடு சொன்ன தகவல். சண்டைக்காரராக இருந்திருந்தால்கூடச் சுவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டிரம்மோ தங்கமான மனுஷர். நேராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க முதுகைப் பார்த்துத்தாண்ணே எனக்கு இந்த ஆசையே வந்துச்சு.”

இறுதிப் பந்தயத்துக்கு முந்தைய வாரம் இரண்டு முதுகையும் பார்த்து முடிவு செய்வதாகச் செயலாளர் அறிவித்தார். தேர்வாகிற முதுகு சாம்பியனுக்கு. மற்றது, வருஷாவருஷம் இரண்டாவதாக வந்து மீசையை முறுக்கிக்கொண்டே வீட்டுக்குப் போகிற மீசைக்காரருக்கு.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. சாப்பிட்டால் மனைவி விடமாட்டாள், சாப்பிடாவிட்டால் மச்சான் போய்விடுவான். சுவருக்குப் பொறாமை பொங்கியது. இறுதிப் பந்தயத்தில் இன்னொருவருடைய முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் ‘ஏ’ என்று கத்துவதை நினைத்தாலே வயிறு எரிந்தது. நன்றி வேண்டாம், படம் வேண்டாம். அந்தக் குரல் தன் முதுகில் வந்து விழ வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை.

சொல்லாமல் என்ன செய்தார்? தெரிந்த தொழிலைச் செய்தார். ஃபோமை எடுத்து, இழந்த உடம்பைத் தைக்க ஆரம்பித்தார்.

தோளுக்குக் கெட்டி ஃபோம், இடுப்பு மடிப்புக்கு மெத்து ஃபோம். கடையில் இருந்த கெட்டி ஃபோம் தரமாக இல்லை. வீட்டு சோபாவில் இருந்தது தரமானது. மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் சோபாவின் அடிப்பக்கத்தைப் பிரித்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, பழைய துணியைத் திணித்து மூடினார். மறுநாள் சோபாவில் உட்கார்ந்தவள், “என்னங்க இது, உள்ள போகுது?” என்றாள். “பழசாயிடுச்சு” என்றார். ஃபோமை உள்பனியன்மேல் வைத்துத் தைத்து, தோளிலும் விலாவிலும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்து இழுத்து ஒட்டினார். மேலே பந்தயச் சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். அசல் தோற்றது. வாழ்நாளில் அவர் தைத்ததிலேயே சிறந்த சீட் அதுதான். என்ன, அதைப் பார்த்து மெச்ச யாருக்கும் காட்ட முடியாது. முன்வண்டிக்காரர் உடம்பின்மேல் சட்டையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. அகப்பட்டால் இரண்டு பேரும் வெளியே.

முதுகு பார்க்கிற நாளில் செயலாளர் ஒரு சுற்று சுற்றி வந்தார். டிரம்மைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

“பழைய முதுகு திரும்பி வந்துடுச்சய்யா” என்றார் குரல் தழுதழுக்க.

மச்சான் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். “அக்கா கண்ணுல மண்ணைத் தூவிட்டு நல்லா சாப்பிட்டிருக்கீங்க போல.”

“தொடாதே. வேர்வை” என்று சுவர் இரண்டடி பின்வாங்கினார்.

மச்சானுடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “உடம்பு ஒண்ணும் பண்ணலையே மாமா?”

“பண்ணலை.”

“நிஜமா?”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். சுவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

இறுதிப் பந்தயத்தன்று கிண்ணம் நிரம்பியிருந்தது. மனைவி முன்வரிசையில், லேப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் சிமெண்ட்டில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. கொடி இறங்கியது. முன்வண்டிகள் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பின, சைக்கிள்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன.

“ஏ” என்றது பின்னாலிருந்து.

அவர் கைப்பிடியைத் திருகினார். அந்த நொடியில் அவருக்கு வேறு எந்தக் குறையும் இல்லை.

சுற்றுக்குச் சுற்று ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். கடைசியில் இவர்களும், தொட்டுவிடுகிற தூரத்தில் மீசைக்காரரும் அவருக்கு முன்னால் டிரம்மும் மட்டும் முன்னணியில் மிஞ்சினார்கள். மச்சானுக்குக் காற்று துளியும் படவில்லை. படாத காற்றையெல்லாம் ஃபோம் வாங்கியது, வெயிலையும் வாங்கியது, சுவருடைய வியர்வையையும் சொட்டு விடாமல் குடித்தது. சோபா செய்கிறவர்கள் ஃபோமை வியர்வையில் ஊறவைத்துச் சோதிப்பதில்லை. ஊற ஊற அது கனத்தது. கடைசிச் சுற்றுக்கு முந்தைய வளைவில், இடது தோளின் ஒட்டுப்பட்டை ‘கர்’ரென்று பிரிந்தது.

தோள் நழுவி விலாவுக்கு வந்தது. விலாவில் இருந்தது இடுப்புக்கு இறங்கப் பார்த்தது. சட்டைக்குள்ளிருந்து வெளியே விழுந்தால் பின்னால் வருகிறவன் அதில் மோதி உருளுவான். சுவர் வலது கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, இடது கையை மடக்கி நெஞ்சோடு அழுத்தி, உடம்பை இடப்பக்கம் சாய்த்து, நழுவுகிற தோளை இறுக்கிக்கொண்டார். பல்லைக் கடித்ததில் கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரே சுற்று. கடைசிச் சுற்று மணி அடித்தது. கூட்டம் எழுந்து நின்றது. இவர்கள்தான் முன்னால்.

“ஓ” என்றது பின்னாலிருந்து.

மணி அடித்த பிறகு, அதுவும் முன்னால் இருக்கும்போது, ‘ஓ’ சொன்னவன் அந்தத் தடத்தில் பிறந்ததே இல்லை. வெயிலில் இவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாகச் சுவர் அந்தக் குரலைக் கேட்கவில்லை. கைப்பிடியை இன்னும் திருகினார்.

“ஓ! மாமா, ஓ! நிறுத்துங்க மாமா, நிறுத்துங்க!”

அந்தக் குரலில் சாம்பியன் இல்லை. காணாமல்போன குழந்தை கத்துகிற மாதிரி இருந்தது. சுவருடைய கை தானாகத் தளர்ந்தது. வண்டி வேகம் குறைந்து சரிவில் கீழே இறங்கியது. மேலே டிரம் கடந்துபோனார், டிரம்முக்குப் பின்னால் மீசைக்காரர் கடந்துபோனார். கடந்துபோகும்போது மீசைக்காரரே நம்பாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மச்சான் சைக்கிளைத் தூக்கி எறிந்தான். யாரும் விரல் வைக்கக் கூடாது, தன்னுடைய துண்டால்தான் துடைக்க வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த சைக்கிள் சிமெண்ட்டில் உருண்டு போனது. அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மிதிகட்டையில் மாட்டுகிற ஷூ வழுக்க வழுக்க ஓடிவந்து, மாமாவை வண்டியிலிருந்து அணைத்து இறக்கிப் படுக்க வைத்து, சட்டையின் ஜிப்பைக் கிழிக்கிற வேகத்தில் இழுத்து, நெஞ்சில் கையை வைத்தான்.

கைக்கு அகப்பட்டது இதயம் இல்லை. ஈரமாக, கொழகொழவென்று, அவருடைய இடது தோள்.

அதை வெளியே இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

“என்ன மாமா இது?”

“ஃபோம்” என்றார் சுவர், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அதற்குள் மனைவி வேலியைத் தாண்டி ஓடிவந்துவிட்டாள். மணிக்கட்டைப் பிடித்தாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். நாடி நன்றாக இருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் தம்பியின் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“இது நம்ம சோபா தானே?”

மச்சான் அந்த ஈர ஃபோமால் மாமாவை ஒரு அடி அடித்தான். இரண்டாவது அடிக்குக் கை வரவில்லை. சிமெண்ட்டிலேயே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“பின்னால இருந்து பார்க்கிறேன். தோள் இறங்குது. கை நெஞ்சுக்குப் போகுது. உடம்பு சாயுது. அக்கா சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா நடக்குது. நான் என்ன மாமா நினைப்பேன்?”

“மணி அடிச்சாச்சுடா. கோட்டைத் தாண்டியிருக்கலாம்.”

“உங்க மூஞ்சியைக்கூட நான் இவ்வளவு பார்த்ததில்ல. இந்த முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.” மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். “அந்தக் கேக்கெல்லாம் நான்தானே மாமா அனுப்பினேன்.”

சுவருக்கு வெட்கமாக இருந்தது. தன்னால் அவனுடைய பட்டம் போய்விட்டது என்ற துக்கமும் இருந்தது. அதற்கும் அடியில், சொல்லவே கூடாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது. “சைக்கிள் கீழ கிடக்குதுடா, போய் எடு” என்றார்.

“கிடக்கட்டும்” என்றான் அவன்.

நடுவர்கள் கூடி, ஃபோமை மேசைமேல் வைத்து, ஆளுக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்கள். முடிக்காத பந்தயத்திலிருந்து இரண்டு பேரையும் தகுதிநீக்கம் செய்து தீர்ப்பு வழங்கினார்கள். செத்த பாம்பை அடிப்பதில் அவர்களுக்கு இணை கிடையாது. சுவர் இனி முன்வண்டியில் ஏறக் கூடாது என்றும் சொன்னார்கள். செயலாளர் மட்டும் தீர்ப்பு வாசித்து முடிந்ததும் தனியாக வந்து, தையல் ரொம்ப நேர்த்தியாக இருக்கிறது, தன் வீட்டு சோபாவுக்கும் அந்த மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார்.

இப்போது மச்சானுக்கு முன்னால் டிரம்தான் ஓட்டுகிறார். டிரம் வீட்டுக்குக் கேக் எதுவும் போவதில்லை. முதல் வேலையாக மச்சான் அவரை அக்காவுடைய லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுக்க வைத்தான். டிரம்முக்கும் இப்போது வெள்ளரிக்காய்தான். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களையெல்லாம் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு திரிகிறார்.

பந்தயத்துக்கு மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. இந்த முறை நட்ட நடுவில், தலை முதல் கால்வரை முழுசாகச் சுவர்தான். ஜிப் திறந்த சட்டையோடு சிமெண்ட்டில் மல்லாந்து கிடக்கிறார், பக்கவாட்டில் ஃபோம் எட்டிப் பார்க்கிறது. மற்றதையெல்லாம் கத்தரித்துவிட்டார்கள். ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு அவர் நெஞ்சின்மேல் இருக்கிறது. மனைவி அதையும் சட்டம் போட்டு, முழங்கைப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

மச்சான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதன் எதிரே போய் நிற்பான். விருந்தாளி யாராவது இருந்தால் விரலை வைத்துக் காட்டி, “இந்தக் கை என்னோடது” என்பான். சிலர் நம்புவார்கள்.

“பாருங்க மாமா, என்னை வெட்டிட்டானுங்க” என்றான் ஒருநாள், நிஜமான வருத்தத்தோடு.

“பழகிக்கோ மாப்ளே” என்று சுவர் வெள்ளரிக்காய்த் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.